தொகுதிச் சங்கிலிக் கணுவும் அதன் காவலும்



எதீரியம் என்னும் பொதுப் பேரேடு 2015ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. அது பிறந்து ஒரு மாதம் நிறையுமுன், ஓகஸ்ட் 29ஆம் நாளன்று, அதனை அமைத்தோர் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டனர். கெத் என்ற மென்பொருளைக் கவனக்குறைவாக அமைத்துக்கொண்டவரின் பணத்தை எங்கோ தொலைவிலிருப்பவரும் எடுத்துச் செல்லக்கூடும் என்பதே அதன் சாரம். அவ்வெச்சரிக்கை எல்லாச் செவிகளிலும் ஏறவில்லை என்பதை மூன்றாண்டு கழித்து நிகழ்ந்தது காட்டிற்று.

சீன நாட்டின் 360 நெற்லாப் என்னும் பாதுகாப்பு ஆய்வுக் குழுவினர் 2018 மார்ச் மாதத்தில் ஒரு செய்தி கூறினர். யாரோ ஒருவர் இணையம் முழுவதும் 8545 என்னும் இலக்கமுடைய வாயிலைத் தட்டிக்கொண்டே போகிறார். திறந்திருக்கும் இடங்களிலிருந்து ஈதர் நாணயத்தைக் கவரப் பார்க்கிறார். இதுவரை அவர் கைக்கு வந்தது நான்கு ஈதருக்கும் குறைவே என்பது அச்செய்தி. சற்று நகைப்போடு சொல்லப்பட்ட செய்தி அது. அதே ஆண்டு யூன் மாதத்தில் அக்குழுவினர் மீண்டும் நோக்கியபோது, இவ்வகையில் களவாடியவர்களின் கணக்கில் 38,642 ஈதர் சேர்ந்திருக்கக் கண்டனர். அன்றைய விலையில் அஃது 2 கோடி அமெரிக்க டொலருக்கு மேற்பட்டது.

பூட்டை உடைத்தவர் எவருமில்லை. மறைமொழிக் கணிதத்தை வென்றவர் எவருமில்லை. வீட்டுக்காரரே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்தார். அவ்வாயில் யாது, அதனை ஏன் திறக்கிறார்கள், திறவாமலே அதன் பயனைப் பெறுவது எவ்வாறு என்பனவற்றையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

புளொக்செயின் எனப்படும் தொகுதிச் சங்கிலியைப் பற்றி நேயர்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். கொடுக்கல் வாங்கல்களைத் தொகுதி தொகுதியாக எழுதி, ஒவ்வொரு தொகுதியிலும் அதற்கு முந்திய தொகுதியின் கைரேகை போன்ற ஓர் எண்ணைப் பொறித்து, இடையில் ஒரு வரியை மாற்றினாலும் பின்னுள்ள அனைத்தும் பொருந்தாது போகும்படி கட்டப்பட்ட பேரேடு அது. அப்பேரேட்டின் முதலேடு என்று ஒரு கந்தோரில் வைத்துப் பூட்டிய ஏடு கிடையாது. உலகெங்கும் பல்லாயிரம் கணினிகள் ஒவ்வொன்றும் அதன் படியொன்றை வைத்துக்கொண்டு, புதிய தொகுதி வருந்தோறும் தாமே கணக்குப் பார்த்து, சரியானால் ஏற்கும், பிழையானால் தள்ளும். அத்தகைய கணினி ஒவ்வொன்றையும் கணு என்கிறோம்.

கணுவுக்கு இரு வகையான பேச்சு உண்டு. ஒன்று, தன்னைப் போன்ற பிற கணுக்களோடு அது பேசுவது. தொகுதிகளை வாங்குவதும் கொடுப்பதும் இப்பேச்சில் அடங்கும். எதீரியத்தில் இதற்கு 30303 என்னும் வாயில் பயன்படுகிறது. மற்றையது, கணுவின் உடையவர் தம் கணுவோடு பேசுவது. இந்தக் கணக்கில் இருப்பு எவ்வளவு, இன்ன தொகுதியில் என்ன இருக்கிறது, இந்தக் கொடுப்பனவை வலையமைப்பிற்கு அறிவி என்றெல்லாம் அவருடைய வேறு மென்பொருள்கள் கணுவைக் கேட்கும், ஏவும். தொலைவிலிருந்து ஒரு செயலை ஏவுதல் என்ற பொருளில் இதனை ஆர்.பீ.சீ. என்பர். 8545 என்னும் வாயில் இதற்குரியது.

முதற்பேச்சு நிகழும் இடத்தை நம் வீட்டுப் படலைக்கு ஒப்பிடலாம். வருவோர் போவோர் நின்று பேசும் இடம் அது. பேசுபவரை நம்பவேண்டும் என்பதில்லை, சொன்னதைச் சரிபார்த்தால் போதும். ஆர்.பீ.சீ. அடுப்படிக் கதவு போன்றது. அதன் வழியே வருபவர் வீட்டு மனிதர் என்றே வீடு எண்ணிக்கொள்ளும். பெயர் கேட்பதில்லை, கடவுச்சொல் கேட்பதில்லை. கெத்தின் 8545 வாயிலில் கடவுச்சொல் என்ற ஏற்பாடே கிடையாது. அதனாற்றான் அதனை ஆக்கியோர், உள்ளே இருப்பவருக்கு மட்டுமே கேட்கும்படி, 127.0.0.1 என்னும் தன்முகவரியில் மாத்திரம் அது செவிசாய்க்குமாறு அமைத்துத் தந்தனர். நெற்லாப் குழுவினரும் இதனை எடுத்துக்காட்டத் தவறவில்லை.

அப்படியிருக்க அதனைத் திறந்தவர் யார்? கணுவை ஓர் இடத்தில் வைத்து, வேறோர் இடத்திலிருந்து அதனைப் பயன்படுத்த விரும்பியவர்கள். முகவரிக்குரிய இடத்தில் நான்கு சுழியங்களை எழுதினால் எல்லாத் திசைக்கும் கதவு திறந்துவிடும். வேலையும் உடனே நடக்கும். வேலை நடந்துவிட்டதால் அதனை மறந்துவிடுவார்கள்.

பணம் போன வகை அறியத்தக்கது. உடையவரின் இரகசியத் திறவுகோல் அக்கணுவிலேயே, கடவுச்சொல்லாற் பூட்டிய ஒரு கோப்பில் இருந்தது. கள்வனுக்கு அக்கடவுச்சொல் தெரியாது. அவனுடைய இயந்திரம் கதவண்டை நின்று, இக்கணுவில் உள்ள கணக்குகள் எவை என்று கேட்கும், கணு சொல்லும். இருப்பு எவ்வளவு என்று கேட்கும், அதையும் சொல்லும். பின்னர், இப்பணம் முழுவதையும் இன்ன முகவரிக்கு அனுப்பு என்று கட்டளையிடும். திறவுகோல் பூட்டியிருப்பதால் முடியாது என்று கணு மறுமொழி கூறும். இயந்திரம் சலிப்பதில்லை, அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப, இரவும் பகலும், இட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் உடையவர் யாருக்கோ ஒரு சிறு தொகை அனுப்ப வேண்டிக் கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறவுகோலை விடுவிப்பார். விடுவித்த திறவுகோல் 300 விநாடி, அதாவது ஐந்து நிமிடம், திறந்தபடி இருக்கும் என்பது அன்றைய வழக்கமான ஏற்பாடு. அந்த ஐந்து நிமிடத்துள் கதவண்டை நின்றவனின் கட்டளை மீண்டும் வரும். இம்முறை கணு மறுக்காது. கையொப்பமிட்டு அனுப்பிவிடும்.

வங்கியானால் முகாமையாளரிடம் ஓடலாம். பொலிசில் முறையிட்டுக் கணக்கை முடக்கலாம். இங்கே அனுப்பியதைத் திருப்பியழைக்க எவருக்கும் அதிகாரமில்லை. பேரேடு எவராலும் மாற்றப்படாதது என்ற பெருமையே பறிகொடுத்தவருக்குக் கொடுமையாய் முடிகிறது.

2019ஆம் ஆண்டில் வந்த கெத் பதிப்புகள், ஆர்.பீ.சீ. கதவு திறந்திருக்கையில் திறவுகோலை விடுவிக்க மறுத்தன. உடையவர் ஆபத்தை அறிந்தே சம்மதிக்கிறேன் என்று தனிக் கட்டளையிட்டாலன்றி விடுவிப்பதில்லை. இன்று கணுவில் திறவுகோலை வைப்பதே பிழையென்று துறையறிந்தோர் கொள்கின்றனர். கையொப்பம் வேறொரு கருவியில் நிகழவேண்டும். ஒப்பமிட்டு முடித்த கொடுப்பனவை மட்டும் கணுவிடம் கொடுத்தனுப்ப வேண்டும். இவ்வொன்றைச் செய்தவர் பின்வரும் காவல்களில் ஏதேனும் ஒன்று தவறினாலும் பணத்தை இழக்கமாட்டார்.

இவ்வளவு தொல்லையெனில் சொந்தக் கணு எதற்கு, பிறருடைய கணுவைக் கேட்டால் ஆகாதா என்று நேயரொருவர் வினவலாம். பெரும்பாலோர் அவ்வாறே செய்கின்றனர். ஆயின் பிறர் கணுவைக் கேட்பவர் அதன் விடையை நம்பியே ஆகவேண்டும். தம் கணக்குகள் எவை, எப்போது எதைத் தேடுகிறோம் என்பனவும் அவருக்குத் தெரிந்துவிடும். அன்றியும், அவர் தவறினால் நாமும் தவறுவோம். 2020 நவம்பர் 11ஆம் நாள் இன்பியூரா என்னும் பெரிய சேவை நிலையத்தின் கணுக்கள் கெத்தின் பழைய பதிப்பொன்றில் ஓடிக்கொண்டிருந்தமையால், ஏனையோர் போன பாதையை விட்டுப் பிரிந்துபோயின. அதனை நம்பியிருந்த பணப்பை மென்பொருள்கள் தடுமாறின. பைனான்ஸ் முதலிய பரிவர்த்தனை நிலையங்கள் ஈதரை வெளியே எடுப்பதைச் சிறிதுநேரம் நிறுத்திவைத்தன. பல்லாயிரம் ஏடுகள் இருந்தும், மிகப் பலர் ஒரே ஏட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தனர் என்பது அன்று வெளிப்பட்டது.

இனி, அமைக்கும் முறைக்கு வருவோம். எதீரியத்தையே உதாரணமாகக் கொள்கிறேன்.

சேர்வர் ஒன்றைத் தனியாக வாடகைக்கு எடுப்பது நன்று. பலர் பங்கிடும் இயந்திரத்தில் ஒரு பகுதியை எடுத்தால் வட்டின் வேகம் போதாது. கணுவின் உழைப்பெல்லாம் வட்டில் ஆங்காங்கே சிறு சிறு துணுக்குகளைப் படிப்பதும் எழுதுவதுமே. நான்கு கருச் செயலி, 16 கிகாபைட் நினைவகம், 2 டெராபைட்டிற்குக் குறையாத வேகமான திண்மநிலை வட்டு ஆகியன வேண்டுமென எதீரியத்தின் குறிப்புகள் கூறுகின்றன. வட்டில் இன்னும் தாராளமாக இடம் எடுப்பவர் பின்னால் வருந்தமாட்டார். வாடகை ஒப்பந்தத்தை முதலிலேயே வாசித்துக்கொள்க. சில நிறுவனங்கள் இத்தகைய கணுக்களை அனுமதிப்பதில்லை. 2022 நவம்பரில் ஜேர்மனியின் ஹெற்சனர் நிறுவனம் சொலானா என்னும் வேறொரு சங்கிலியின் கணுக்கள் பலவற்றை ஒரேயடியாகத் தடுத்தது. தன் விதிகள் அவற்றை அனுமதிப்பதில்லை என்பதே அது கூறிய நியாயம்.

இயந்திரத்தில் லினக்ஸை நிறுவியதும் செய்யவேண்டிய முதல்வேலை, நீங்கள் நுழையும் வழியைச் சீர்செய்தல். எஸ்.எஸ்.எச். என்னும் அவ்வழியில் கடவுச்சொல்லால் நுழைவதை நிறுத்தி, திறவுகோற் கோப்பினால் மட்டும் நுழையும்படி செய்க. றூற் எனப்படும் தலைமைக் கணக்கில் நேரே நுழைவதையும் தடுத்துவிடுக. இவற்றைச் செய்யும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இரண்டாவது இணைப்பொன்றால் நுழைந்து பார்த்து, அது வாய்த்தபின் முதலாவதை மூடுக. யான் ஒருமுறை தீச்சுவரை எழுப்பிவிட்டு, எனக்குரிய 22ஆம் வாயிலுக்கு அனுமதி எழுத மறந்து, என் வீட்டுக்கு வெளியே நானே நின்றேன். சேர்வரின் மீட்பு முறையைக் கொண்டு உள்ளே புக ஒரு மாலைப்பொழுது சென்றது. பிறர் சொல்லக் கேட்டதைவிட அந்த மாலைப்பொழுது நன்றாகக் கற்பித்தது.

கணுவின் மென்பொருளை அதற்கெனவே படைத்த ஒரு பயனர் பெயரில் ஓட்டவேண்டும். அப்பெயரில் எவரும் நுழைய இயலாதிருத்தல் வேண்டும். மென்பொருளை அதை ஆக்கியோரின் இடத்திலிருந்தே எடுத்து, அவர்கள் இட்ட கையொப்பத்தையும் சரிபார்த்துக்கொள்க. 2022 செப்டெம்பர் 15ஆம் நாளுக்குப் பின்னர் எதீரியக் கணுவில் ஒரு மென்பொருள் போதாது, இரண்டு வேண்டும். கணக்கு வழக்கைச் செய்வது ஒன்று. கெத், நெதர்மைண்ட், பேசு என்பன அவ்வகையின. எந்தத் தொகுதி ஏற்கப்பட்டது என்ற பொது உடன்பாட்டைத் தொடர்வது மற்றையது. லைட்ஹவுஸ், பிறிசம், டேக்கு முதலியன அவ்வகையின. இவ்விரண்டும் 8551 என்னும் வாயிலில் தம்முட் பேசும். வியப்பென்னவென்றால், இந்த உள்வாயிலுக்குக் காவல் உண்டு. 32 பைட் நீளமான இரகசிய எண்ணொன்றை எழுமாறாக உண்டாக்கி, இரண்டு மென்பொருளுக்கும் ஒரே கோப்பிலிருந்து காட்டவேண்டும். அதை அறியாதவர் சொல்வதை இவ்வாயில் கேளாது. 2015இல் அமைத்தவர்கள் 8545க்குச் செய்யாததை, அனுபவம் பெற்றபின் வந்தவர்கள் 8551க்குச் செய்தார்கள். அக்கோப்பை வேறெவரும் படிக்க முடியாதபடி உரிமையை ஒடுக்கிவிடுக.

உடன்பாட்டு மென்பொருளை அண்மைய நிலையொன்றிலிருந்து தொடங்கலாம். ஆதியிலிருந்து ஓடிவர வேண்டியதில்லை. ஆயின் அந்த அண்மைய நிலையைத் தருபவர் பிறர் ஆதலின், அதன் அடையாள எண்ணை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஒப்புநோக்கிக்கொள்க. சேர்வரின் கடிகாரமும் சரியாக ஓடவேண்டும். 12 விநாடிக்கு ஒருமுறை தொகுதிக்குரிய வேளை வருவதால், சில விநாடி பிந்தினாலும் கணு தடுமாறும்.

அடுத்தது தீச்சுவர். உள்ளே வருவன யாவற்றையும் மறுத்து, வேண்டியவற்றை மட்டும் அனுமதிப்பதே முறை. வேண்டியவை மிகச் சிலவே: எஸ்.எஸ்.எச். வாயில், பிற கணுக்களுக்கான 30303, உடன்பாட்டு மென்பொருளுக்கான வாயில்; லைட்ஹவுஸில் அது 9000. 8545 இப்பட்டியலில் இல்லை. 8546, 8551 ஆகியனவும் இல்லை. வாடகைச் சேர்வரில் வெளியே போவதற்கும் ஒரு விதி எழுதவேண்டும். புதிய நண்பரைத் தேடும் கணு, 10 என்றும் 192.168 என்றும் தொடங்கும் தனியார் முகவரிகளையும் தட்டிப் பார்ப்பதுண்டு. சேர்வர் நிலையத்தார் அதனைக் கண்டால், உங்கள் இயந்திரம் அயலாரை வேவு பார்க்கிறது என்று முறைப்பாடு அனுப்புவர். ஆதலால் அம்முகவரிகளுக்குப் போகும் வழியை அடைத்துவிடுக.

இங்கே ஒரு குழி இருக்கிறது. அறிந்தவரும் விழுகின்ற குழி. டொக்கர் என்னும் பெட்டிமுறையிற் கணுவை ஓட்டுபவர் பலர். டொக்கர் தான் வெளியிடும் வாயில்களுக்கான விதிகளை லினக்ஸின் உள்ளேயே நேராக எழுதிவிடும். யூ.எஃப்.டபிள்யூ. என்ற எளிய தீச்சுவர்க் கருவி எழுதிய விதிகளை அவை அணுகாமலே சுற்றிக்கொண்டு போய்விடும். கருவியைக் கேட்டால் 8545 மூடியுள்ளது என்று சொல்லும். வெளியிலிருந்து தட்டினால் திறக்கும். தீச்சுவர் பொய் சொல்கிறது என்பதற்கில்லை. தன் வழியே வந்ததைத்தான் அது சொல்கிறது. டொக்கரில் வாயிலை வெளியிடும்போது, வெறும் எண்ணை எழுதாமல் 127.0.0.1 என்ற முகவரியையும் சேர்த்தெழுதினால் இக்குழியைத் தாண்டலாம்.

கதவை இப்படி அடைத்துவிட்டால் தொலைவிலிருந்து எவ்வாறு பயன்படுத்துவது? ஒருவருக்கு மாத்திரம் வேண்டுமானால் எஸ்.எஸ்.எச். இணைப்புக்குள்ளேயே ஒரு குகைவழி அமைக்கலாம். உங்கள் கணினியின் 8545இல் இடுவது அக்குகைவழியாகச் சேர்வரின் 8545இல் போய் விழும். இடையிலுள்ளோர் எவரும் அதனைக் காணார். பல கணினிகளுக்கு வேண்டுமெனின் வயர்கார்ட் என்னும் தனியார் வலையமைப்பு ஏற்றது. அதன் சிறப்பொன்று, திறவுகோல் இல்லாதவர் தட்டினால் அது வாய் திறப்பதேயில்லை. அங்கே ஒன்று இருக்கிறது என்பதே தட்டியவருக்குத் தெரியாது.

பொதுமக்களுக்கே திறந்து வைக்க வேண்டிய தேவை சிலர்க்கு உண்டு. அது வேறு தொழில். என்ஜின்எக்ஸ் போன்ற இடைநிலையாளரை முன்னிறுத்தி, மறைகுறியாக்கிய இணைப்பையும் அனுமதிச் சீட்டையும் கட்டாயமாக்கி, ஒருவர் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கேட்கலாம் என்று வரையறுக்கவேண்டும். ஆனால் எல்லாக் கேள்வியும் ஒரே முகவரிக்கு வரும். கேட்கப்படுவது யாது என்பது கடிதத்தின் உள்ளே இருக்கும். உறையை மட்டும் பார்க்கும் இடைநிலையாளருக்கு இருப்பைக் கேட்பதும் ஆண்டுக்கணக்கான பதிவுகளைத் தேடச் சொல்வதும் ஒன்றே. ஒரே உறையில் நூறு கேள்விகளை அடுக்கி அனுப்பவும் முடியும். எனவே கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் காவலர் ஒருவரை வைத்து, அனுமதித்த கேள்விகளை மட்டும் உள்ளே விடுக. நிர்வாகத்திற்கும் பிழைதேடலுக்கும் உரிய கட்டளைகளை ஒருபோதும் வெளியே விடாதீர்கள். திறவுகோல் கணுவில் இல்லாதபோது பணம் போகாது என்பது உண்மைதான். ஆனால் ஊரார் கேள்விகளாற் களைத்துப்போன கணு பிந்திவிடும், பிந்திய கணுவின் விடையை நம்பிய உங்கள் மென்பொருள் பிழையாக நடக்கும்.

உலாவியிலிருந்து வரும் ஆபத்தையும் ஒரு சொல்லிற் கூறிவிடுகிறேன். எந்த இணையத்தளமும் இக்கணுவைக் கேட்கலாம் என்று பொருள்படும் நட்சத்திரக் குறியை அமைப்பிற் காணின் அழித்துவிடுக. அது இருந்தால், நீங்கள் பார்க்கும் ஏதோவொரு பக்கம் உங்கள் உலாவியையே தூதாக்கி அடுப்படிக் கதவிற்கு வந்துவிடும்.

அமைத்தாயிற்று என்று இருந்துவிடவும் முடியாது. பேரேட்டின் விதிகள் இடைக்கிடை மாறும். 2025 மே 7ஆம் நாள் பெக்ற்றா என்னும் மாற்றம் நடைமுறைக்கு வந்தபோது, பழைய பதிப்பில் இருந்த கணுக்கள் வலையமைப்பைத் தொடர முடியாது போயின. தொகுதிகளைப் படியெடுத்துக் காக்க வேண்டியதில்லை. அழிந்தால் அயற்கணுக்களிடமிருந்து மீண்டும் பெறலாம். அமைப்புக் கோப்புகளை மட்டும் வேறிடத்தில் வைத்துக்கொண்டாற் போதும்.

ஈற்றில் ஒரு சோதனை. சேர்வருக்குள் இருந்துகொண்டு வாயில்களைப் பார்ப்பதாற் பயனில்லை. உள்ளிருப்பவனுக்கு எல்லாம் திறந்தே தோன்றும். வேறொரு வீட்டிலிருந்து, வேறொரு இணைப்பிலிருந்து, என்மாப் போன்ற கருவியால் உங்கள் சேர்வரின் முகவரியைத் தட்டிப் பாருங்கள். எஸ்.எஸ்.எச்., 30303, 9000 ஆகியன பதிலளிக்கலாம். 8545 பதிலளித்தால் அன்றே வேலையை நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். பின்னர் சேர்வரை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கி, அதே சோதனையை அதே இடத்திலிருந்து செய்யுங்கள். தீச்சுவரின் விதிகள் சேமிக்கப்படாதிருந்தால் அப்போதுதான் அது தெரியவரும்.